யூரியா வைக்கோல்

உரக்கடையில் வாங்கிய யூரியாவைக் கொத்தனார் பெண்டாட்டி மாட்டுக்குத் தீனியாகப் போடப் போகிறாள் என்று கேள்விப்பட்டபோது எங்கள் தெருவில் சிரிக்காதவள் நான் ஒருத்திதான். அது ஒன்றும் பெருந்தன்மை இல்லை. வாயில் குண்டூசிகளைக் கவ்வியிருந்தேன். நான் தையல்காரி. என் மெஷின் கிடப்பது ஜன்னலோரம். ஜன்னலுக்கு நேர் எதிரே கொத்தனார் வீடு, வீட்டை ஒட்டி மாட்டுக்கொட்டகை. அந்த வீட்டில் யார் தும்மினாலும் எனக்குக் கேட்கும். கேட்காமல் இருக்க நானும் முயன்றதில்லை.

அந்த வீட்டில் மூன்று பேர். கொத்தனார் நல்ல வேலைக்காரர், ஆனால் கையைவிட வாய் வேகம். அவருடைய அக்கா தெருவுக்கெல்லாம் பால் ஊற்றுவதால் பால்காரம்மா. மூன்றாவது ஆள் கொத்தனாரின் பெண்டாட்டி. மளிகைக்கடையில் சாமான் மடித்துக் கொடுக்கும் காகிதத்தைக்கூடப் பிரித்து, நீவி, நின்று படித்துவிட்டுத்தான் கீழே போடுவாள். அதனால் தெருவில் அவளுக்கு டீச்சர் என்று பெயர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் பாடம் நடத்தியதில்லை.

பால்காரம்மா கட்டிக்கொண்டு போன இடத்தில் வாழாமல் திரும்பி வந்தவள். வரும்போது ஒரு கையில் துணிப்பை, மறுகையில் ஒரு கன்றுக்குட்டியின் கயிறு. அந்தக் கன்று வளர்ந்து போட்ட கன்றுதான் சீமாட்டி. பேருக்கேற்ற மாடு. பால்காரம்மாவைத் தவிர வேறு யார் மடியில் கை வைத்தாலும் வாளி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். சீமாட்டிக்கும் ஒரு கிடாரி இருந்தது, சினைக்குத் தயாராகிற வயதில். தம்பி வீட்டுச் சோற்றைச் சும்மா தின்கிறாள் என்று ஒருவரும் சொல்ல முடியாதபடி பால்காரம்மாவைத் தலைநிமிர்ந்து நடக்க வைத்தவை இந்த மாடுகள்தான். அந்த நிமிர்வோடுதான் அவள் தம்பி பெண்டாட்டியைக் காலையிலிருந்து ராத்திரிவரை திட்டினாள். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்பாள். அடுத்த வேளை உப்பைத் தேட வேண்டியிருக்கிறது என்பாள். பெருக்கினால் மூலை தெரியவில்லையா என்பாள், மூலையைப் பெருக்கினால் நடுவில் உன் அம்மாவா வந்து பெருக்குவாள் என்பாள். டீச்சர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள். அந்தத் திட்டில் விஷம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வருஷம் மழை கைவிட்டுவிட்டது. ஏரிக்கரையில் புல் என்று சொல்லக்கூடியது எல்லாம் கருகிப்போயிற்று. கிணறுகளில் வாளி போட்டால் சேறும் தவளையும்தான் வந்தன. குடிக்கத் தண்ணீர் லாரியில் வந்தது, அதுவும் லாரிக்காரன் நினைத்தபோது. மாடுகளுக்குப் பழைய வைக்கோல் ஒன்றுதான் கதி. சாம்பல் நிறத்தில், வாயில் வைத்தால் துடைப்பக்குச்சி மாதிரி இருக்கிற வைக்கோல். அதைத் தின்று சீமாட்டியின் விலா எலும்புகள் வெளியே வந்தன. பால் ஒரு செம்புக்கு இறங்கியது. சிலர் மாட்டை விற்றார்கள். பால்காரம்மா விற்கிற பேச்சை எடுத்தவர்களிடம் பேசுவதையே நிறுத்தினாள்.

அப்போதுதான் டீச்சர் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் கேட்டுவிட்டு வந்து இந்தப் பேச்சைத் தொடங்கினாள். கொட்டகை வாசலில் நடந்த பஞ்சாயத்து முழுவதும் என் காதில் விழுந்தது.

"என்னது? வயலுக்குப் போடற உரத்தையா?" என்றாள் பால்காரம்மா. "உனக்குப் பைத்தியம் கியித்தியம் பிடிச்சிருக்கா?"

"அப்படியே அள்ளிப் போடறதில்ல அண்ணி. அளவாத் தண்ணில கரைச்சு, வைக்கோல் மேல தெளிச்சு, காத்துப் போகாம மூடி மூணு வாரம் வெக்கணும். வைக்கோல் மெத்துனு ஆயிடுமாம். சத்தும் ஏறுமாம். மாட்டு வயித்துல கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க கோடிக்கணக்குல இருக்குதாம். அதுங்க யூரியாவத் தின்னு வளருமாம், மாடு அதுங்கள வெச்சு வளருமாம்."

"அந்தப் பூச்சிய நீ பாத்தியா?"

"கம்பவுண்டர் சொன்னாரு."

"அவன் பாத்தானா?"

"கண்ணுக்குத் தெரியாதுன்னுதானே அண்ணி சொல்றேன்."

"தெரியாததுக்கெல்லாம் தீனி போடுவா, தெரியற மனுசிக்கு ஒரு வாய் காப்பி சூடா போடத் துப்பில்ல."

கொத்தனார் குளித்த தலையோடு வந்து நின்றார். "கம்பவுண்டர் படிச்சவன்தானே அக்கா, கெடுதலா சொல்லப் போறான்? ஒரு தடவ செஞ்சுதான் பாப்போமே. இல்லன்னா விக்கறதுதான் வழி."

விற்பது என்ற சொல் விழுந்ததும் பால்காரம்மா வாயை மூடிக்கொண்டாள்.

கொத்தனார் கொட்டகை மூலையில் இடுப்புயரத்துக்கு மூன்று பக்கச் சுவர் எழுப்பிக் கொடுத்தார். டீச்சர் யூரியாவை மளிகைக்கடைத் தராசில் நிறுத்து வாங்கி வந்தாள். பெரிய நீல டிரம்மில் தண்ணீர் ஊற்றி, வெள்ளை வெள்ளையாக ஜவ்வரிசி மாதிரி இருந்ததைக் கொட்டிக் கலக்கினாள். "அக்கா, இங்க வந்து கைய வெச்சுப் பாருங்களேன்" என்று என்னைக் கூப்பிட்டாள். வைத்தேன். அந்த வெயிலில் தண்ணீர் பனிக்கட்டி போட்டதுபோல் ஜில்லென்று இருந்தது. யூரியா கரையும்போது அப்படித்தான் குளிருமாம். குளிரக் குளிர மீதி கரையாமல் அடியில் தங்கும், அதனால் விடாமல் கலக்க வேண்டும் என்றாள்.

ஒரு அடுக்கு வைக்கோல் பரப்புவது, பூவாளியால் சீராகத் தெளிப்பது, மிதிப்பது, மேலே அடுத்த அடுக்கு. மிதிக்கிற வேலையைப் பால்காரம்மா யாருக்கும் விடவில்லை. "நீ மிதிக்கற லட்சணத்துக்குக் காத்து என்ன, காளை மாடே உள்ள போகும்" என்று டீச்சரை இறக்கிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போரின் மேல் ஏறி வட்டம் வட்டமாக மிதித்தாள். கடைசியில் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரமெல்லாம் சேறு அப்பினார்கள்.

"ஒண்ணே ஒண்ணுதான் அண்ணி" என்றாள் டீச்சர். "இந்த டிரம்முத் தண்ணில மாடு வாய் வெச்சிடக் கூடாது. வைக்கோல்ல ஊறினா தீனி, தண்ணியாக் குடிச்சா விஷம்னு சொன்னாரு."

"ஏன், மாட்டக் கூட்டிட்டு வந்து டிரம்முல குடிக்க வெக்கப் போறேனா? எனக்குத் தெரியாதா?"

டீச்சர் டிரம்மைத் தெருச் சாக்கடைக்கு உருட்டிப் போய், அரைக்குடம் தண்ணீர் விட்டு அலசிக் கவிழ்த்தாள். பால்காரம்மாவுக்கு வயிறு எரிந்தது. அந்த வீட்டில் எதைக் கழுவினாலும் அந்தத் தண்ணீர் மாட்டுத்தொட்டிக்குத்தான் போக வேண்டும். அரிசி களைந்தது, பாத்திரம் அலசியது, மாவு ஆட்டிய கல்லைக் கழுவியது, எல்லாம். ஒரு பருக்கை, ஒரு சொட்டு கீழே போகக் கூடாது. அது அவள் போட்ட சட்டம். "குடம் தண்ணிக்கு லாரி பின்னாடி ஓடறோம். இவ சாக்கடைக்குக் குளிப்பாட்டி விடறா" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னாள்.

மூன்று வாரம் கழித்துத் தார்ப்பாயைத் தூக்கினபோது வந்த நெடியில் தெருவே கண்ணைக் கசக்கியது. "மூத்திரக் குழி நாத்தம்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினோம். வைக்கோல் மட்டும் பொன்னிறமாக, தொட்டால் வளைகிற பதத்தில் இருந்தது. காற்றாட உதறி வைத்தார்கள். சீமாட்டி முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பால்காரம்மாவுக்கு அன்று பூரிப்பு. "என் மாடு ரோசக்காரி. கண்டதையும் தின்னாது" என்றாள். டீச்சர் விடவில்லை. பழைய வைக்கோலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வைத்தாள். ஒரு வாரத்தில் அதே சீமாட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு போரைப் பார்த்துக் கத்தியது. கிடாரிக்குத் தோல் மினுமினுத்தது. பால் ஒரு செம்பிலிருந்து இரண்டுக்கு ஏறியது.

"மேகம் கட்டுதில்ல, அந்தக் குளுமைக்குப் பால் கூடியிருக்கு" என்று முதலில் சொன்னாள் பால்காரம்மா. பிறகு பால் ஊற்றப் போகிற வீடுகளில் எல்லாம், "நாங்க யூரியா வைக்கோல்தான் போடறோம், ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல" என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். பாதிப் போர் தீர்வதற்குள், "அடுத்த போர் எப்பப் போடறதா உத்தேசம்? கடைசி நேரத்துல ஓடலாம்னு இருக்கியா?" என்று டீச்சரை விரட்டினாள். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

இரண்டாவது போர் போட்ட அன்று கொத்தனார் வேலைக்குப் போயிருந்தார். கடைசி அடுக்கில் தெளித்து முடித்த நேரம் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. டீச்சர் பூவாளியைப் போட்டுவிட்டுக் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நானும் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வரிசையில் எனக்குப் பின்னால்தான் நின்றாள். "டிரம்ம நல்லாக் கலக்கலக்கா. அடியில தங்கியிருக்கு. போய்க் கழுவணும்" என்றாள். ஆளுக்கு இரண்டு குடம் பிடித்துக்கொண்டு திரும்பினோம்.

கொட்டகையில் தார்ப்பாய் மூடி, சேறு பூசி, வேலையெல்லாம் கச்சிதமாக முடிந்திருந்தது. டிரம் கழுவிச் சுவரோரம் கவிழ்ந்திருந்தது. சீமாட்டி நின்ற இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. தோலெல்லாம் துடித்தது. பல்லை நறநறவென்று கடித்தது. வாயிலிருந்து நுரை கயிறாகத் தொங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயிறு உப்பிக்கொண்டு வந்தது. பால்காரம்மா கால் கழுவிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தவள், "ஐயோ, என் கண்ணு, என்னடி ஆச்சு உனக்கு?" என்று ஓடிவந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாடு முன்னங்காலை மடக்கிக் கீழே சாய்ந்தது.

நான் போன் போட்டேன். கம்பவுண்டர் மொபெட்டில் வந்தார். வந்த வேகத்தில், விஷத்தை முறிக்க வினிகர் கேட்டார். ஓட்டல்காரர் இருந்த பாட்டிலையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தார். குளிர்ந்த தண்ணீரில் கலந்து பாட்டில் பாட்டிலாகப் புகட்டினோம். தலையை நான் தூக்கிப் பிடித்தேன். பாதி உள்ளே போயிற்று, பாதி என் மடியில். கம்பவுண்டர் வயிற்றில் குழாய் இறக்கிக் காற்றை விட்டார். சீமாட்டி ஒரு தடவை அடித்தொண்டையில் கத்தியது. அப்புறம் கத்தவில்லை. பிடித்திருந்த தலை கனத்துப்போனது. அதைக் கீழே வைக்க எனக்கு மனசு வரவில்லை.

பால்காரம்மாவைத் தெருப் பெண்கள் இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள். கொட்டகையில் கம்பவுண்டரும் டீச்சரும் நானும் மட்டும் இருந்தோம். கம்பவுண்டர் கை கழுவத் தொட்டிக்குப் போனவர் குனிந்து பார்த்தார். தொட்டியின் ஒரு மூலையில், தண்ணீருக்கடியில், வெள்ளைக் குருணை கொஞ்சம் கிடந்தது.

"தொட்டில யாரு ஊத்துனது?" என்றார் மெதுவாக.

டீச்சர் கவிழ்ந்திருந்த டிரம்மைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஈரம்கூட இன்னும் காயவில்லை. சாக்கடைப் பக்கம் தரை வறண்டு கிடந்தது.

"சொல்லும்மா. இது வைக்கோலால வந்ததில்ல. டிரம் அடில நின்னதக் குடிச்சிருக்கு. யாரு ஊத்துனது?"

"அண்ணியாத்தான் இருக்கும்" என்றாள் டீச்சர். பிறகு சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சார், தண்ணின்னு வெளிய சொல்லிடாதீங்க. உங்க கால்ல விழறேன்."

"பின்ன என்னன்னு சொல்ல?"

"யூரியான்னு சொல்லுங்க. அது பொய் இல்லையே."

"யூரியான்னா எல்லாரும் வைக்கோலத்தாம்மா நெனப்பாங்க. உன் தலைல விடியும்."

"விடியட்டும்."

கம்பவுண்டர் என்னைப் பார்த்தார். டீச்சர் பக்கெட்டால் தொட்டியை மொண்டு மொண்டு சாக்கடையில் ஊற்றினாள். வெள்ளைக் குருணையைத் துணியால் துடைத்தெடுத்தாள். வெளியே போன கம்பவுண்டர், வேலையிலிருந்து ஓடிவந்த கொத்தனாரிடம், "யூரியா ஏறிடுச்சு" என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்தார்.

கொத்தனார் பேசிய பேச்சை நான் எழுத மாட்டேன். பெண்டாட்டியைத் தெருவில் நிறுத்திவைத்துப் பேசினார். கொத்தனார் வாய் என்றால் சும்மாவா? பால்காரம்மா பேசியது இன்னொரு ரகம். சீமாட்டியைப் புதைத்துவிட்டு வந்த அன்று வாசற்படியில் உட்கார்ந்து, குரலே எழுப்பாமல் சொன்னாள். "என் மாட்டுக்கு விஷம் வெச்சுட்டா. நான் தலை நிமிந்து நடந்தது இவளுக்குப் பொறுக்கல. வயித்துல ஒண்ணும் தங்காத பாவி, வாயில்லாத சீவன் வயித்துல கை வெச்சுட்டா." டீச்சர் உள்ளே அடுப்படியில் இருந்தாள். கேட்டிருக்கும். இரண்டு தடவை கருக்கலைந்தவள் அவள். அதற்கு இரண்டு தடவையும் பத்தியம் சமைத்துப் போட்டவளே பால்காரம்மாதான்.

அன்றிலிருந்து பால்காரம்மா டீச்சர் கையால் சமைத்ததைத் தொடவில்லை. தனக்கென்று ஒரு சட்டியில் கஞ்சி வைத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் டீச்சர் ரவிக்கை கிழிசலைத் தைக்கும் சாக்கில் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"என்னடி நெனச்சுட்டிருக்க? ஒரு வார்த்த சொன்னா தீந்துச்சு. நீயா ஊத்துன?"

"சொன்னா அண்ணி என்ன ஆவாங்கக்கா?"

"என்ன ஆவா? ரெண்டு நாள் அழுவா."

"உங்களுக்குத் தெரியாது. வாழாம வந்த புதுசுல ஒரு தரம் கிணத்துல போய் விழுந்தாங்க. இவருதான் இறங்கித் தூக்குனாரு. அப்ப இவருக்குப் பதினெட்டு வயசு. அப்புறம் அந்தக் கன்னுக்குட்டிய வெச்சுத்தான் எழுந்து உக்காந்தாங்க. அவங்க கையாலயே அதோட கன்னு போச்சுன்னு தெரிஞ்சா?"

"கிணத்துல தண்ணி எங்கடி இருக்கு இப்ப?"

"தண்ணி இல்லாத கிணத்துல விழுந்தா இன்னும் மோசமில்லையாக்கா?"

கத்தரிக்கோலைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

"உன் புருஷன்கிட்டயாச்சும் சொல்லேன்."

"அவரு நல்லவருதான்க்கா. வாய்தான் நிக்காது. இன்னிக்கு வெச்சுக்குவாரு. என்னிக்காவது கோவத்துல ஒரு வார்த்த விட்டுடுவாரு. அந்த ஒரு வார்த்த போதும்."

ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. கிடாரி இருந்தது. கொத்தனார் யூரியா வைக்கோலை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை லீவில் இரண்டு போரையும் வாரிக்கொண்டுபோய் ஏரிக்குள் போட்டுக் கொளுத்துவதாகப் பேச்சு. வேறு தீனி எங்கும் கிடைக்கவில்லை. கிடாரி வேலிக்காலைக் கரண்டியது. அதே ஞாயிற்றுக்கிழமை கிடாரியைப் பிடித்துக்கொண்டு போக வியாபாரிக்கும் சொல்லிவிட்டார். அவன் பால் மாட்டு வியாபாரி இல்லை, அடிமாட்டு வியாபாரி. பால்காரம்மா அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தாள்.

வாயைத் திறந்தால் கிடாரி பிழைக்கும், நாத்தனார் என்ன ஆவாளோ. மூடிக்கொண்டால் நாத்தனார் இருப்பாள், சீமாட்டியின் வம்சம் கத்திக்குப் போகும். டீச்சர் இந்த இரண்டுக்கும் நடுவில் இளைத்துப்போனாள். கடைசியில் அவளே ஒரு வழி செய்தாள். விடிந்ததும் புருஷன் வேலைக்குப் போனபின், படுத்திருக்கிற நாத்தனாருக்குத் தெரியாமல், பழைய போரிலிருந்து ஒரு கை வைக்கோல் எடுத்துக் கிடாரிக்குப் போட்டாள். மறுநாள் இரண்டு கை. கிடாரியைத் தேற்றிக் காட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை புருஷன் காலில் விழலாம் என்பது அவள் கணக்கு.

சனிக்கிழமை காலை பால்காரம்மா பார்த்துவிட்டாள். நான் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அலறல் கேட்டு எட்டிப் பார்த்தால், கொட்டகையில் டீச்சரின் முடி பால்காரம்மாவின் கையில்.

"இதையும் கொல்லப் பாக்கறியா? மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதானேடி! இதுவும் உன் கண்ண உறுத்துதா?"

"அண்ணி, விடுங்க அண்ணி. இது நாலஞ்சு நாளா தின்னுது. ஒண்ணும் ஆகல. நீங்களே பாருங்க. நல்லா இருக்கு."

"அதுவும் அப்படித்தானேடி நல்லா இருந்துச்சு! நின்ன நிலைல விழலையா?"

நான் ஓடிப்போய்ப் பிரித்துவிட்டேன். கிடாரி இவர்கள் யாரையும் சட்டை செய்யாமல் மென்றுகொண்டிருந்தது. பால்காரம்மா அதன் வாயிலிருந்து வைக்கோலைப் பிடுங்கினாள். முக்கால்வாசி உள்ளே போய்விட்டது. தொப்பென்று அதன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "போ. ரெண்டு பேரும் போங்க. நான் இங்கதான் இருப்பேன். இது விழும்போது நான் பக்கத்துல இருக்கணும்."

உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறியது. கிடாரியின் தோல் துடிக்கிறதா என்று கை வைத்துப் பார்த்தாள். வாயில் நுரை வருகிறதா என்று பார்த்தாள். வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். கிடாரி படுத்து அசைபோட்டது. சீமாட்டி தின்றதோ குடித்ததோ, நாங்கள் குடம் பிடித்துவிட்டு வருவதற்குள் நடுங்க ஆரம்பித்திருந்தது. இது உச்சி வெயில் சாய்ந்தும் அசைபோட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு தரம் எழுந்து சாணி போட்டுவிட்டு மீதி வைக்கோலுக்குக் கழுத்தை நீட்டியது. பால்காரம்மா அதைத் தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். மாடு விழவில்லையே என்று ஒருத்தியின் முகம் இருண்டுகொண்டே போவதை அன்றுதான் நான் பார்த்தேன். ஜன்னலை மூடிவிடலாமா என்று இருந்தது. மூடவில்லை.

நிழல் நீண்டபோது அவள் திரும்பித் தொட்டியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கூப்பிட்டாள், திட்டாமல், பேர் சொல்லாமல். "இங்க வாம்மா."

டீச்சர் வந்து நின்றாள். நானும் தெருவைக் கடந்து வேலியோரம் வந்துவிட்டேன்.

"வைக்கோல் இல்ல" என்றாள் பால்காரம்மா. "தண்ணி."

டீச்சர் தரையைப் பார்த்தாள்.

"அடில நிக்கறதும் சத்துதானே, எதுக்கு வீணாக்கறதுன்னு அலசித் தொட்டில ஊத்துனேன். தொட்டி நெறையத் தண்ணி இருந்துச்சு, கலந்துடும்னு நெனச்சேன். நானே அவுத்துட்டு வந்து குடிக்க வெச்சேன். வெயில்ல வாடியிருக்கேன்னு." குரல் ஒரே சீராக வந்தது. "உனக்குத் தெரியுமா?"

"அண்ணி..."

"அன்னிக்கே தெரியுமா?"

டீச்சர் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"தெரிஞ்சுமா நான் பேசறதக் கேட்டுட்டிருந்த? வயித்துல தங்காதவன்னு சொன்னேனே. அதையும் கேட்டுட்டா இருந்த?" இப்போதுதான் அவள் டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். "மாடு செத்ததுக்கு அழுது தீத்துட்டேன். இதுக்கு நான் எங்க போய் அழ?"

டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டாள். பால்காரம்மா கட்டிக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை. கை இரண்டும் மடியில் கிடந்தன.

கொத்தனார் வந்ததும் அவளே சொன்னாள். வாசலில் நின்று, தெருவுக்குக் கேட்கும்படி. "தம்பி, சீமாட்டியக் கொன்னது நான்தான். அவ இல்ல. டிரம்முத் தண்ணியத் தொட்டில ஊத்திட்டேன். வியாபாரிய வரவேணாம்னு சொல்லிடு. வைக்கோல் நல்ல வைக்கோல்." டீச்சர் ஓடிவந்து இருவருக்கும் நடுவில் நின்றாள், புருஷன் வாயைப் பொத்த கையைத் தூக்கிக்கொண்டே. கொத்தனாரின் உதடு அசைந்தது. சிமெண்ட் படிந்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தண்ணி லாரி வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். எந்த வாய்க்குப் பயந்து அவள் இத்தனையும் சுமந்தாளோ, அந்த வாய் அன்று ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொன்னதாக நான் கேட்கவில்லை.

டீச்சர் சில நாள் நாத்தனாரைவிட்டு நகரவில்லை. அவள் கொல்லைக்குப் போனால் பின்னாலேயே போவாள். அவள் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. பால்காரம்மா தன் கஞ்சிச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு டீச்சர் போட்ட சோற்றையே சாப்பிட்டாள். மழை வந்தது. கிடாரி சினைப்பட்டு, கன்றும் போட்டது. பாலும் வந்தது. பால்காரம்மா கறந்து, கொண்டுபோய் ஊற்றி, வாளியைக் கழுவிவைத்தாள். எல்லாம் பழையபடி என்று பார்க்கிறவர்கள் சொன்னார்கள்.

ஒரு நாள் டீச்சர் என் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நான் பயந்துபோய் என்ன என்று கேட்டேன்.

"இன்னிக்குக் குழம்புல உப்பே போடலக்கா. வேணும்னே போடல. அண்ணி முழுசாச் சாப்பிட்டாங்க. எப்படி இருக்குன்னு கேட்டேன். நல்லா இருக்கும்மான்னாங்க." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க சொன்னா கேப்பாங்க. என்னைய ஒரு தடவ திட்டச் சொல்லுங்கக்கா."

நான் போனேன். பால்காரம்மா கன்றுக்குட்டியின் காதில் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தாள். விளையாட்டாகவே ஆரம்பித்தேன். "என்னம்மா, உன் தம்பி பெண்டாட்டி உப்பில்லாம குழம்பு வெக்கறாளாமே. கேட்டியா அவள? நல்லா நாலு வார்த்த குடுக்கறதில்ல?"

அவள் கையிலிருந்த உண்ணியை நகத்தில் வைத்து நசுக்கினாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவ வெக்கறத வெக்கட்டும்" என்றாள். "கேக்கறதுக்கு நான் யாரு?"